கதவுக்குப் பின்னாலை கேட்ட குரல்

1978 ஆவணி, புதன் இரவு.

இண்டைக்கு என்ரை மனிசன்ரை எட்டுச் செலவு, அவர் செத்து எட்டாம் நாள் படையல். படைச்சுப்போட்டு, அவர் வந்து சாப்பிடட்டும் எண்டு கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியிலை நிண்டம். உள்ளையிருந்து அவற்றை குரல் கேட்டுது: "நீ சாப்பிட்டியோ?"

என்னையறியாமல் "ஓம்" எண்டிட்டன். சனம் முழுக்க என்னைப் பாத்துது. அவற்றை தம்பி, முந்தி அவர் கதைச்சதைப் பதிஞ்சு வைச்ச டேப் ரெக்கோடரைப் படையலுக்குப் பக்கத்திலை ஓடவிட்டிருக்கிறான், விசரன்!

"அண்ணி, இனி வாற காலத்திலை மனிசற்றை மனதையே மெசினுக்குள்ளை வைப்பினம். அண்ணைக்குச் சாவில்லை" எண்டான்.

"அப்ப நான் ஆரை அனுப்பிவைக்கப் படைச்சனான்? போற உயிரை நாடாவிலை கட்டி வைக்கவோ?" எண்டு ஏசிப்போட்டன்.

சனம் போனாப் பிறகு நானே அந்த டேப்பைத் திரும்பப் போட்டன். "நீ சாப்பிட்டியோ?" எண்டுது. "ஓம்" எண்டன். மெசின் அடுத்த கதைக்குப் போயிட்டுது. அவர் எண்டால் என்ரை குரலிலையே பொய்யைப் பிடிச்சு, ஏசிச் சாப்பிட வைச்சிருப்பார். நான் இன்னும் சாப்பிடேல்லை.