வெந்நீருக்கு ஒரு கை குறைவு

பிரிஞ்சாங்,
11.8.1983

அன்பு மகள் சாரதாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க மாரியம்மாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மலையில் மழை விடவே இல்லை. முட்டைக்கோஸ் லோரிகள் ஓடி ஓடிப் பாதையெல்லாம் சேறு.

தலைப்பிரசவத்துக்கு எப்போது புறப்பட்டு வரலாம் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. நடந்ததைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றவர்களுக்கென்று தேயிலைத் தோட்டத்து நிர்வாகம் கட்டிக் கொடுத்த இந்த வரிசையில் வீடு அவரவருக்குச் சொந்தம். வெந்நீர்க் கொட்டகை, மண்டபம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொது. பொது என்றால் யாருடையது என்று முதலில் ஒருவரும் கேட்கவில்லை. போன வருஷம் பள்ளி விடுமுறையில் டவுனிலிருந்து பேரப்பிள்ளைகள் பட்டாளமாக வந்து இறங்கினார்கள். அண்டா வெந்நீர் முழுக்க அவர்களுக்கே போயிற்று. விறகும் தீர்ந்தது. இந்தக் குளிரில் வயசானவர்கள் பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள். சிவசாமி அண்ணன் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போதுதான் கமிட்டி போட்டு உன் அப்பாவைத் தலைவராக்கினார்கள். ஓய்வு பெற்றவரும் மனைவியும் தவிர யாருக்கும் கொட்டகை வெந்நீர் கிடையாது, விருந்தாளி இரண்டு வாரத்துக்கு மேல் தங்கக் கூடாது என்று சட்டம் வந்தது.

அதன்பிறகு பக்கத்து வீட்டு வேலம்மாவின் மகள் நீலாவதி பிள்ளை பெற வந்தாள். இரண்டு வாரம் ஆனதும் உன் அப்பா போய்ச் சட்டத்தைச் சொன்னார். பச்சை உடம்போடு குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு அந்தப் பெண் பஸ் ஏறினாள். வேலம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இப்போது நம் முறை. "புள்ள பெத்தவளுக்கு மட்டுமாவது விலக்குக் குடுங்க, எல்லார் மகளுக்கும் சேத்துத்தான் கேக்குறேன்" என்று உன் அப்பாவை நச்சரித்து எடுத்தேன். கடைசியில் போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதைக் கேட்டது யார் தெரியுமா? வேலம்மா. "எம்மவளுக்கு நடந்தது போதும்லா. இனிமே யாரு மகளுக்கும் வேணாம்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கை தூக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு கை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிசமமாக நின்றது. உன் அப்பாவின் கைதான் பாக்கி. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். "அந்தப் புள்ளைக்கு இல்லேன்னுட்டு எம்புள்ளைக்குத் தூக்குனா, நாளைக்கி என்னய மனுசன்னு சொல்வாங்களா?" என்று சொல்லிக் கை தூக்காமலே உட்கார்ந்துவிட்டார். நியாயமாம்! கேட்டவளே அந்தப் புள்ளையின் தாய். அதற்கு மேல் என்ன நியாயம் வேண்டிக் கிடக்கிறது?

நான் எழுந்து கை தூக்கினேன். கமிட்டிக்கு எழுத்து வேலை பார்க்கும் பழைய கிராணி சுப்பிரமணியம், "ஒங்க வீட்டுக் கை அவரோடது, அக்கா" என்றார். வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயர் மட்டும்தானாம். நானும் கூடை சுமந்து கொழுந்தெடுத்தவள்தானே, சாரதா? வேலம்மாவுக்குக்கூட அவள் புருஷன் கண்ணை மூடிய பிறகுதான் கை கிடைத்தது. சரிசமமானால் பழைய சட்டமே நிற்குமாம். தீர்மானம் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை அங்கே வீடு வாங்க எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னாயே, பத்திரத்தில் உன் பெயரும் இருக்கட்டும். இதை மட்டும் விட்டுக் கொடுக்காதே.

நீ இங்கே வர வேண்டாம். நானே வருகிறேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை தாப்பா பஸ் ஏறி மலை இறங்கி, அங்கிருந்து வண்டி மாறுகிறேன். உனக்கு வெந்நீர் ஊற்ற எந்தக் கமிட்டியைக் கேட்க வேண்டும், பார்த்துவிடலாம். உன் அப்பாவிடம் சொன்னேன். "எத்தன நாளு?" என்றார். "அந்தச் சட்டமெல்லாம் இங்கதான்" என்றேன். விறகு பிளக்கப் போய்விட்டார். அவர் சாப்பாட்டை வேலம்மா பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். அவள் போடுகிற சோறு அவருக்கு எப்படி இறங்கப் போகிறதோ.

பூண்டும் சுக்கும் கட்டி வைத்த பையை இன்று காலை திறந்தேன். உள்ளே ஒரு போத்தல் நல்லெண்ணெய் இருந்தது. நான் வாங்கவில்லை. மழையோடு மழையாக உன் அப்பாதான் நசுருதீன் கடைக்குப் போய் வந்திருக்கிறார்.

கோபம் என்னோடு இருக்கட்டும், உனக்கு வேண்டாம். தாயும் பிள்ளையும் வேறு வேறு உடம்பாகி நல்லபடியாக எழுந்து உட்கார வேண்டும். உடம்பு தேறியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு நடை இங்கே வா, தாயே. உன் அப்பா வா என்று எழுத மாட்டார். எழுத முடியாதபடி ஆக்கிக்கொண்டார். கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு வா.

உன் அம்மா,
அம்மாக்கண்ணு இருளப்பன்