அலமாரி இன்னும் காயவில்லை

காக்ஸ் டவுன், பெங்களூர்
21.10.1999

அன்பு மகள் லாவண்யாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் கையில் ஒட்டியிருக்கும் பெயிண்ட்டைத் தவிர வேறு குறை இல்லை. நீ சுகமா என்று வழக்கம்போல் கேட்க எனக்கு இன்று வாய் வரவில்லை. நீயும் ஹரிஷும் பிரிந்துவிட்டீர்கள் என்றும், கொஞ்ச நாள் வீட்டுக்கு வந்து இருக்கலாமா என்றும் கேட்டு நீ எழுதிய கடிதம் வந்து இன்றோடு இருபது நாள். நடுவில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினோம், டொரொண்டோவில் குளிரா என்று கேட்டேன், இங்கே மழை என்று சொன்னேன். நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏன் பதில் போடவில்லை என்று இப்போது சொல்கிறேன், திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

கடிதம் வந்த அன்றே உன் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். நீ கல்யாணமாகிப் போன பிறகு அதில் பழைய மிக்ஸி, மூன்று வருஷக் காலண்டர், என் பென்ஷன் காகிதம் என்று அடைத்து வைத்திருக்கிறோம். பெண் வருகிறேன் என்கிறாள், அவள் துணி வைக்க ஒரு தட்டு காலி இல்லை. மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டேன். நீ பி.யு.சி. படிக்கும்போது ஐவரி நிறத்தில் கேட்டாய், அழுக்கு தெரியும் என்று நான்தான் இந்தக் காப்பிக்கொட்டை நிற, பளபளவென்ற மெலமைன் பூச்சு அலமாரியை வாங்கினேன், கோர்ட் பீரோ மாதிரி இருக்கிறது என்று ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தாய். சரி, இதை ஐவரி ஆக்கிவிட்டு, அப்புறம் வா என்று எழுதலாம் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் வேலை என்பது என் கணக்கு. எடுத்த எடுப்பில் பெயிண்ட்டை அடித்தேன், நகம் பட்ட இடத்தில் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது. பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸ் பெயிண்ட் கான்ட்ராக்டர் அல்லவா, பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது கண்ணாடி மாதிரி சார், பளபளப்ப எடுக்காம அடிச்சா எப்டி புடிக்கும்" என்றார். பிறகு அத்தனையும் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் என் தோள்பட்டை கழன்றுவிட்டது. அதன்மேல் பிரைமர், அப்புறம் விட்டு விட்டு இரண்டு தடவை பெயிண்ட். மழையில் எதுவும் சீக்கிரம் காயவில்லை. ஆயுத பூஜைக்கு முதல் நாள்தான் முடித்தேன். உன் அம்மா தையல் மெஷின், ஸ்கூட்டர் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், புது அலமாரிக்கு வைக்காமலா என்று இரண்டு கதவிலும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்துவிட்டாள். மறுநாள் துடைத்தால் கறை போவேனா என்கிறது. மேலே காய்ந்தாலும் உள்ளே இறுக மூன்று வாரம் ஆகும், அதுவரை எதுவும் படக்கூடாது என்று ஆம்ப்ரோஸ் அப்போதுதான் சொல்கிறார். மறுபடியும் உப்புத்தாள்.

நேற்று எல்லாம் அடித்து முடித்துவிட்டு, நவம்பர் பத்துக்கு மேல் துணி வைக்கலாம், அதற்கப்புறம் வரச் சொல்லி எழுதுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அன்றைக்கே எழுதிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். "பொண்ணு வரலாமான்னு கேட்டிருக்கு, அதுக்கு ஒரு வார்த்தை சொல்லாம கதவுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டு இருந்தீங்களா, அங்க அது தினம் தபாலப் பாத்துட்டு இருக்காதா" என்று கேட்டுவிட்டு அழுதாள். உன் வீட்டுக்கு வர நீ கேட்கவே வேண்டாமே என்று நான் இருந்துவிட்டேன். நீ கேட்டாய் என்றால் உனக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது, அது அவளுக்கு உறைத்தது, எனக்கு உறைக்கவில்லை. தப்பு என்னுடையதுதான், மன்னித்துக்கொள் கண்ணு.

யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன். நாங்கள் எதையும் துருவமாட்டோம், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். வேளைக்குச் சாப்பிடு, பாஸ்போர்ட்டைக் கைப்பையிலேயே வை. தீபாவளி ஏழாம் தேதி வருகிறது. பெயிண்ட் காயவில்லை என்றால் துணியைக் கட்டில்மேல் வைத்துக்கொள்ளட்டும், முதலில் பெண் வரட்டும் என்கிறாள் அம்மா. நானும் அதையே சொல்கிறேன், உடனே புறப்பட்டு வா. இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நீ எந்தக் குறையும் இல்லாமல் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவசங்கரன்

பி.கு. வந்ததும் கதவைத் தொட்டுவிடாதே என்று எழுதத்தான் நினைத்தேன். தொட்டுப் பார். கைரேகை விழுந்தால் விழட்டும்.