காகம் இல்லாத நாட்டில் உங்கட ஆட்டைத் திவசம்

என் அன்புக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய அத்தான்,

நீங்கள் இருக்கிற இடத்தில் கதிரை இருந்தால் இழுத்துப் போட்டு இருந்துகொள்ளுங்கோ. ஒரு கதை சொல்லப் போகிறேன். அக்காவின் அரிசிப் பானைமேல் ஆணையாகச் சொல்கிறேன், இந்தக் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். ரொறன்ரோவில், பார்க்டேலில் நம்பவில்லை. மல்வேர்னில் நம்பவில்லை. டோர்செட் பார்க்கில் எங்கட கட்டட லிஃப்டுக்குள் ஒரு மனிதரைப் பிடித்து வைத்துச் சொன்னேன். பதினாலாம் மாடிக்குப் போகவேண்டியவர் ஒன்பதிலேயே இறங்கி, மிச்சத்துக்குப் படியால் ஏறிப் போய்விட்டார். இனி நீங்கள் ஒருவர்தான் மிச்சம். இறந்தவர்கள் கதையின் நடுவில் எழும்பிப் போகமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நாங்கள் கோஸ்டா ரிக்கா போய் வந்துவிட்டோம்.

ஓம், உங்கட கோஸ்டா ரிக்காதான். பாண் பேக்கரியில் இருபத்தாறு வருடம் உங்களுக்குப் பக்கத்து மெஷினில் நின்ற அந்த நாட்டுக்காரர் சொல்லிச் சொல்லி உங்கட தலைக்குள் நட்டுவிட்ட அதே நாடு. “பென்சன் எடுத்தாப் பிறகு பனிக்காலம் மூண்டு மாசமும் அங்கதான்” என்று நீங்கள் சொல்லாத பொங்கல் உண்டா? கடைசியில் கடற்கரை வீட்டையும் பதிந்து, பாஸ்போட்டுக்குப் படமும் எடுத்து, பெட்டி அடுக்குகிற கிழமையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேறு விமானம் ஏறிவிட்டீர்கள். சொல்லாமல் போவது உங்களுக்குப் புதிதில்லை. கடைக்குப் போனாலும் அப்படித்தானே போவீர்கள்.

அதற்குப் பிறகு அக்கா மல்வேர்ன் வீட்டு ஜன்னல் திரைகளைத் திறக்கவே இல்லை. குசினி அடுப்படியில் நின்றபடியே காய்ந்த பாணைக் கடித்தா. யாராவது கூப்பிட்டால், “பிறகு பாப்பம்” என்றா. பதினொரு மாதம் அத்தான், முழுதாகப் பதினொரு மாதம். அந்த நேரத்தில்தான் கடற்கரை வீட்டுக்காரியிடமிருந்து செய்தி வந்தது. வீடு உங்கட பேரில் இன்னும் பதிவில் இருக்கிறது, வந்தால் வாருங்கள் என்று.

“வா அக்கா, போவம்” என்றேன்.

“விசரே உனக்கு? அவற்ற ஆட்டைத் திவசம், முதல் வருசத் திவசம், அங்க நிக்கிற மாசத்திலதான் வருது. இஞ்ச கோயில் கிடக்கு, ஐயர் இருக்கிறார், காகம் வந்து சோறு எடுக்கும். அங்க என்ன கிடக்கு?”

“ஐயரைப் போனில பிடிப்பம். காகத்துக்கு நான் பொறுப்பு. காகம் இல்லாத நாடு எண்டு இந்த உலகத்தில ஒண்டு இருக்கே?”

அத்தான், இருக்கிறது.

ஆனால் அது எனக்கு அப்போது தெரியாது. மூன்று உலகுக்கும் காகம் வழங்கும் சக்கரவர்த்தியைப்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் இறங்கினேன். அக்காவின் பெட்டிக்குள் உடுப்பு இரண்டு. மிச்சமெல்லாம் உழுந்து, நல்லெண்ணெய், வறுத்து இடித்த மிளகாய்த் தூள், பெரிதாக்கிய உங்கட பாஸ்போட் படம். சுங்க அதிகாரி தூள் பையைத் திறந்து மணந்து பார்த்தார். பாவம். அவர் தும்மிய தும்மலில் பெட்டிகள் வருகிற பட்டி பின்பக்கமாகச் சுற்றியது. தரையைத் தொட வந்த விமானம் ஒன்று மனம் மாறி மேலே ஏறியது. இராணுவத்தைக் கூப்பிட்டிருப்பார்கள், ஆனால் அந்த நாட்டில் இராணுவமே இல்லை. இதைச் சொன்னதும் அக்கா நடுவழியில் நின்றுவிட்டா.

“ஆமி இல்லாத நாடே?”

“ஓம் அக்கா.”

“ஒருத்தனும் இல்லையே?”

அதற்குப் பிறகு அவவின் தோள் அரை அங்குலம் கீழே இறங்கியதைக் கண்டேன்.

வீடு பசிபிக் கரையில். சுற்றிவரத் துளிர்க்கிற கதியால் தடி நட்டுக் கம்பி இழுத்த வேலி. எங்கட ஊரில் என்றால் நாலு தலைமுறைக்கு எல்லைச் சண்டை பிடிக்கத் தோதான வேலி, ஆனால் அந்தச் சனத்துக்கு அந்தக் கலை தெரியாது. வீட்டுக்காரி டோஞா மார்த்தா பக்கத்து வளவில் இருந்தா. டோஞா என்பது அங்கே மூத்த பெண்களுக்குச் சொல்கிற மரியாதை. அவ விடியவே சோறும் கறுத்த அவரையும் பிரட்டி ஒரு கோப்பை கொண்டுவந்து தந்தா. அக்கா வாங்கி மணந்து பார்த்து, “விடியவே சோறு தாற சனம் கெட்ட சனமா இருக்காது” என்று தீர்ப்புச் சொன்னா.

தெரு முழுக்கப் பனிக்குத் தப்பி வந்த கனடாக்காரர்தான். காலையில் ஒருவரை ஒருவர் கண்டால் சுகம் கேட்பதில்லை. “ரொறன்ரோவில் இன்றைக்கு எவ்வளவு குளிர்?” என்றுதான் கேட்பார்கள். மைனஸ் பத்தொன்பது என்றால் எல்லார் முகத்திலும் மணவறை வெளிச்சம். மரத்தில் குரங்குகள். மல்வேர்ன் பேருந்து நூறும் ஒரே நேரத்தில் பிரேக் பிடித்தால் எப்படியோ, அப்படிக் கத்தும். எரிமலை பார்க்கவும் போனேன். என்னைக் கண்டதும் அது எழும்பி நின்று மரியாதைக்கு ஒரு புகை விட்டது.

இவ்வளவு அதிசயம் நடக்க, அக்கா விறாந்தைக் கதிரையில் ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்த அதே முகத்தோடு இருந்தா. ஐந்தாம் நாள் கேட்டா.

“தம்பி, வந்த நாள் துவக்கம் ஒரு காகத்தைக் காணேல்லை. எங்கயடா?”

“லீவில நிக்கும் அக்கா.”

டோஞா மார்த்தாவிடம் ஓடினேன். போன் மொழிபெயர்த்துச் சொன்னது போதாதென்று, நானே கையை அடித்து, தலையைச் சரித்து, கள்ளப் பார்வை பார்த்து, காகமாகவே நடித்துக் காட்டினேன். அவ சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது இந்த நாட்டில் இல்லை, ஒன்றுகூட இல்லை என்றா. அத்தான், அந்த வெயிலில் என் உள்ளங்காலில் பனி விழுந்தது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அடுத்த தீர்ப்பு வந்தது.

“திவசத்தண்டு காகம் எடுக்காட்டி நான் பச்சைத்தண்ணியும் வாயில வையன். அடுத்த நாள் ரொறன்ரோவுக்குப் போறன். பிறகு என்னை ஒரு இடத்துக்கும் வா எண்டு கேக்காதை.”

அவ சீனி வருத்தக்காரி, நீரிழிவோடு சாப்பிடாமல் இருக்கக் கூடாது. அது ஒன்று. மற்றது, அந்தத் திரை மூடிய வீட்டுக்குள் திரும்பவும் போனால் இனி வெளியில் வரமாட்டா என்பது எனக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் என்னுடைய வாயால் வந்த வினை.

திவசத்தன்று விடியவே எழும்பிச் சமைத்தா. டோஞா மார்த்தாவின் மிக்ஸியில் உழுந்து அரைபட்டது, அவவின் வளவில் வாழையிலை வெட்டுப்பட்டது. ரொறன்ரோவிலிருந்து ஐயர் வீடியோவில் மந்திரம் சொன்னார். பின்னால் யாரோ பனி வழிக்கிற சத்தம் கேட்டது. காகப் பிரச்சினையை மெதுவாக அவிழ்த்தேன்.

“பசுவுக்குக் குடுங்கோவன், அதுவும் விசேஷம்” என்றார் ஐயர்.

“அவர் எப்ப ஐயா மாடா இருந்தவர்?” என்று அக்கா கேட்டா. எனக்கு அதில் வேறு அபிப்பிராயம்.

விறாந்தையின் அரைமதிலில் இலை விரித்தோம். சோறு, பருப்பு, பூசணி, பாகற்காய், வடை. பக்கத்தில் உங்கட படம், படக்காரர் திடீரென்று பளிச்சென வெளிச்சம் அடித்ததில் முழித்த முழியோடு. முதலில் வந்தவை நாற்பது கழுகுகள். வானம் இருண்டது.

“கறுப்புத்தானே அக்கா?”

“எடேய், உது பிணந்தின்னிக் கழுகடா! மனிசனைக் கூட்டிக்கொண்டு வாறதுக்குப் பதிலா, கூட்டிக்கொண்டு போனவங்களைக் கூப்பிட்டு வைச்சிருக்கிறாய்!”

கழுகுகளைத் துரத்த, ஒரு நீள வால் கறுப்புக் குருவி வந்து வேலியில் இருந்தது. “கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாரன், காகம்தான்” என்று கெஞ்சினேன். “உது காகமெண்டா நான் மகாராணி” என்றா. அதுவும் கோபித்துக்கொண்டு போய்விட்டது.

பன்னிரண்டு மணி. ஒரு மணி. இரண்டு மணி. வடை காய்ந்தது. அக்கா கதிரையில் இருந்தபடி வானத்தைப் பார்த்தா.

“தேத்தண்ணி எண்டாலும் குடி, அக்கா.”

“அவர் சாப்பிடாமல் நான் எப்பயடா சாப்பிட்டனான்?”

 ஓடிப்போய்ப் பக்கத்து வளவு ஜீப்பின் கூரையில் ஏறினேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். “கா! கா! கா!” என்று கத்தினேன். குரங்குகள் வெட்கப்பட்டு வாயை மூடின. கடலில் போன கப்பல் ஒன்று பதிலுக்கு ஊதியது. கனடாக்காரர் எல்லாரும் தெருவுக்கு வந்து படம் எடுத்தார்கள்.

அப்போது வந்தது அது. ஆட்டுக்கடா உயரம். முதுகெல்லாம் நீலப்பட்டு, வயிறெல்லாம் வெள்ளைவேட்டி, தலையில் முன்னுக்கு வளைந்த கொண்டை. மதிலில் வந்து குதித்தது. சோற்றைக் காலால் தள்ளியது. பாகற்காயை, நீங்கள் பாகற்காயைப் பார்க்கிற அதே பார்வை பார்த்தது. நேரே வடைக்குப் போனது. ஒன்றை முழுசாக விழுங்கிவிட்டு வளவே அதிரக் கூப்பாடு போட்டது. எங்கிருந்தோ இன்னும் ஆறு வந்து இறங்கின. ஷிஃப்ட் முடிய, வீட்டில் ஒரு சொல் சொல்லாமல், ஐந்தாறு பேரைச் சாப்பாட்டுக்குக் கூட்டிவருகிற பழக்கம் ஆருக்கு இருந்தது, அத்தான்? நீங்களே சொல்லுங்கோ.

அக்கா எழும்பினா. கிட்டப் போனா. அந்த முதல் பறவையோடு ஏதோ கதைத்தா. பிறகு உள்ளே வந்து, கோப்பையில் சோறு போட்டு, கதிரையில் இருந்து சாப்பிட்டா. இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டா. டோஞா மார்த்தா சத்தம் கேட்டு ஓடிவந்து, இது உறாக்கா, கொள்ளைக்காரப் பறவை, ஆனால் காகத்தின் குடும்பம்தான் என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினா.

“அதை ஆரும் சொல்லித்தான் தெரிய வேணுமே?” என்றா அக்கா, வாய் நிறையச் சோற்றோடு.

ஐயரிடம் நீல நிறம், தலையில் கொண்டை என்று விவரம் சொன்னேன். தன் குடுமியைத் தடவிக்கொண்டு, “கொண்டை இருக்கெண்டு சொல்லுறியள்... அப்ப சரிதான்” என்றார்.

மூன்று மாதமும் நின்றோம். அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடலில் முழங்கால் வரைக்கும் இறங்கினா. இப்போது இந்தக் கடிதத்தை அவவின் மல்வேர்ன் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். திரைகள் திறந்து கிடக்கின்றன. வெளியில் கடைசிப் பனி உருகி ஓடுகிறது. அவ நூலகத்தில் ஸ்பானிய வகுப்புக்குப் போயிருக்கிறா. வீட்டுப்பாடம் எழுதவேண்டுமாம், அதனால் எனக்கு மத்தியானச் சாப்பாடு இல்லையாம். உங்கள்மேல் அவவுக்கு இருந்த அதிகாரம் எல்லாம் இப்போது என்மேல்தான்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் முதுகில் பலம் இருக்கும் வரைக்கும் ஒவ்வொரு பனிக்கும் அக்காவை அங்கே கூட்டிப்போவேன். உழுந்துப் பெட்டியை நானே சுமப்பேன். அவ வேண்டாம் என்று சொல்லுகிற வருடத்தில் இன்னும் பெரிய பொய் ஒன்று சொல்லிக் கூட்டிப்போவேன்.

பொய் என்றதும் நினைவு வருகிறது. சுங்க அதிகாரி தும்மவில்லை, சிரித்துவிட்டு விட்டார். எரிமலை முகிலுக்குள் போய் ஒளித்துக்கொண்டது. கழுகு ஒன்றே ஒன்று. பறவை வாலோடு சேர்த்து ஒரு முழம்தான். ஜீப்புக்கு மேல் நான் ஏறவில்லை. குசினிக் கதவுக்குப் பின்னால், அம்மாளாச்சியைக் கும்பிட்டபடி அழுதுகொண்டு நின்றேன். கிட்ட நின்றதால்தான் அக்கா கதைத்தது தெளிவாகக் கேட்டது. இந்தக் கதை முழுவதிலும் அந்தச் சின்னத் துண்டு மட்டும் உண்மை. அந்த நீலக் குருவி இரண்டாம் வடையை அவசரப்பட்டு விழுங்கியபோது, உங்களைக் கூப்பிடுகிற, ஒரு வருடமாக அந்த வாயில் வராத சொல்லில் தொடங்கிச் சொன்னா:

“இஞ்சாருங்கோ, ஆறுதலாச் சாப்பிடுங்கோ. ஆரும் பறிக்கேல்லை. இன்னும் சுட்டுத் தாறன்.”

உங்கட மனிசியின் தம்பி, இப்போது அவவின் பெட்டி தூக்கி,
சின்னராசா