கதவுக்கு வெளியே வைத்த பால் டப்பா

தாபோடி, புனே
ஞாயிறு

அன்பு மகன் கோகுல்நாத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், கிருஷ்ணப்ரியா, குழந்தை மூவரும் இப்போது நலம். அங்கே லே மலைக் குளிரில் உன் சளி தணிந்ததா? இப்போது என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால்தான் கடிதம்.

கிருஷ்ணப்ரியாவின் அப்பாவுக்கு ஆபரேஷன் என்பதால் அவள் அம்மாவால் வர முடியவில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னிடம் வீறாப்பாகச் சொன்னேன். பிரசவமாகி நாலாம் நாள் குழந்தை விடாமல் அழுதது. கிருஷ்ணப்ரியா தலையைக் குனிந்துகொண்டு வந்து, "மாமா, பாப்பா சரியா குடிக்க மாட்டேங்குது, எனக்கு ரொம்ப வலிக்குது, யாரையாவது கேட்டுப் பாக்கறீங்களா" என்றாள். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. இதை யாரிடம் போய் எப்படிக் கேட்பது? மெடிக்கலில் பால் டப்பாவும் பாட்டிலும் வாங்கி அவள் அறைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் இப்படியே. நீ கேட்டபோது எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன், அவளும் என்னை விட்டுக்கொடுக்காமல் அதையே சொன்னாள். ஏழாம் நாள் காலை மார்பில் பால் கட்டிக் காய்ச்சலில் நடுங்கினாள். ரிக்ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் மருந்து கொடுத்தார். ஜான்சி என்று கோர்படியிலிருந்து வரும் தமிழ் நர்ஸ் ஒரு மணி நேரம் அவளோடு உட்கார்ந்து, குழந்தை காம்பை மட்டும் கவ்வியதுதான் வலிக்குக் காரணம், வாயை நன்றாகத் திறந்ததும் மார்போடு சேர்த்து அணைக்க வேண்டும், பால் கட்டினாலும் கொடுப்பதை நிறுத்தக் கூடாது என்று பிடித்துக் காட்டியிருக்கிறார். பிறகு வெளியே வந்து, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்றார். நான்தான் என்றேன். "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். அங்கேயே தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

மூன்று வாரமாகிறது. பீய்ச்சிய பாலைப் பாலாடைச் சங்கில் புகட்டவும், தோளில் போட்டு ஏப்பம் விட வைக்கவும் கற்றுக்கொண்டேன், சமையலும் நான்தான். பாட்டில் மெல்ல மெல்ல நின்றுவிட்டது, குழந்தையின் எடையும் ஏறுகிறது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நீ பிறந்தபோது உன் அம்மாவும் இப்படித்தான் அழுதாள். நான் ஓவர்டைமுக்குப் போய்விட்டேன். இவளுக்குப் பாலே இல்லை என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னதும் நான்தான். சாகும்வரை அதைத் தன் குறையாகவே நினைத்திருந்தாள். அவளிடம் இனிக் கேட்க முடியாத மன்னிப்பையும் சேர்த்து, நேற்று கிருஷ்ணப்ரியாவிடம் கேட்டேன். அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

குறையொன்றுமின்றி நீ நலமாக வீடு வந்து சேர வேண்டும். போனில் அவளிடம் பால் போதுமா என்று கேட்காதே. நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேள்.

உன் அப்பா,
பாலசுப்ரமணியன்