ஆய்க்குடியில் வைத்தெடுத்த விண்ணப்பம்

தென்காசி
திங்கட்கிழமை

அன்பு மகள் வித்யாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஏதோ இருக்கிறோம், அங்கே கவுகாத்தியில் உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம், ஊரெல்லாம் கார், எனக்கு அந்தப் பக்கம் போக நேரமில்லை. சாரலில் துணி காயமாட்டேன் என்கிறது, அம்மாவின் படுக்கை விரிப்புகளை ஃபேனுக்கு அடியில் போட்டுக் காயவைக்கிறேன். பக்கவாதம் வந்து எட்டு மாதமாகியும் அவளுக்கு இடது கை எழும்பவில்லை, பேச்சு மட்டும் தெளிந்திருக்கிறது. தெளிந்த வாயால் தினமும் ஒரே கேள்விதான், வித்யா எப்ப வருதாளாம் என்று. நேற்று ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன், டம்ளர் முழுவதையும் குடித்துவிட்டாள், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன், போனில் சொல்ல வாய் வரவில்லை. திருநெல்வேலியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை, கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம், வியாழக்கிழமை ஐந்து மணிக்குள் நேரில் கொடுத்துவிடுங்கள் என்று விண்ணப்பத்தை எனக்கு அனுப்பினாயே, அதற்கு இன்டர்வியூ கார்டு வரும் வரும் என்று மூன்று வாரமாக உன்னிடம் சொல்லி வருகிறேன். அது வராதம்மா. உறை அந்த வாரம் திங்கட்கிழமையே கைக்கு வந்துவிட்டது. செவ்வாய் அஷ்டமி, புதன் நவமி, அந்த நாளில் எப்படிக் கொடுப்பது என்று பீரோவில் வைத்தேன். கொண்டு போய்க் குடுங்க, முருகன் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு என்று அம்மா படுத்தபடியே சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. வியாழன் காலை ஆய்க்குடி போய் முருகன் பாதத்தில் உறையை வைத்து அர்ச்சனை செய்து, திரும்பி அவளுக்குச் சோறு ஊட்டி, மூன்று மணிக்கு ராகுகாலம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்து பஸ் ஏறினேன். பாவூர்சத்திரம் தாண்டி ஒரு லாரி சாய்ந்து கிடந்தது. போய்ச் சேர்ந்தபோது ஐந்தே முக்கால். அஞ்சு மணிக்கே முடிஞ்சிட்டு அண்ணாச்சி, நேத்தே வந்திருக்கலாம்லா என்றார் அங்கிருந்த எழுத்தர் பிச்சையா. அவரை என்ன சொல்ல, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தபோது நானும் எத்தனை பேரை அப்படித் திருப்பியிருக்கிறேன். சந்தனம் காய்ந்த உறையோடு வீடு வந்தேன். அதை மறைத்து உன்னிடம் பொய் சொன்னது இன்னும் பெரிய தப்பு, மன்னித்துவிடு.

இன்று காலை அந்தப் பிச்சையாவே போன் செய்தார், அன்று என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அதே கல்லூரியில் பயிற்சிப் பிரிவில் ஓர் இடம் காலியாம், மாணவர்களுக்கு ஆராய்ச்சி முறைகளைச் சொல்லிக்கொடுக்கிற வேலை, ஒரு வருஷ ஒப்பந்தம். முன்கூட்டி எதுவும் அனுப்ப வேண்டாமாம், ஆளே நேரில் வந்தால் போதும், அடுத்த மாதம் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. எனக்கு அலுத்துவிட்டது வித்யா, இரண்டு பேர் தூக்க வேண்டியவளை ஒருவனாகத் தூக்குகிறேன். நீ வந்தால் நன்றாக இருக்கும்.

அனுபவச் சான்றிதழில் முத்திரை வாங்க மறந்துவிடாதே, அசலைக் கைப்பையிலேயே வைத்துக்கொள். நீ நினைத்தது நடந்து நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். இன்னும் ஒன்று, அங்கிருந்து புறப்படும்போது நல்ல நேரமா என்று மட்டும் என்னிடம் கேட்காதே. கேட்டால் நான் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

உன் அப்பா
பால்வண்ணநாதன்