ஈரப் பிரம்பு

எண்டாவ், ஜொகூர்
25 நவம்பர் 1934

இறைவன் காவலில் நாகூரில் இருக்கும் மகள் பரக்கத் நிஷாவுக்கு, கடலுக்கு இந்தப் பக்கமிருந்து வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உன் உடம்பும், வயிற்றுப் பிள்ளையும், உன் உம்மாவின் முழங்கால் வலியும் எப்படி என்று விவரமாக எழுது. தலைப்பிரசவம். படி ஏறி இறங்காதே.

இந்தக் காயிதத்தை நீயே தனியாக உட்கார்ந்து படி. உன் மாமனிடம் கொடுத்து எல்லோர் முன்னாலும் வாசிக்க விடாதே. உன் மாப்பிள்ளை ஜெகபர் சாதிக் மேல் எனக்கிருக்கும் குறையைத்தான் எழுதப் போகிறேன்.

நீ கப்பல் ஏறியதோடு இந்த வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. மாமனார் மருமகனை நேருக்கு நேர் ஏவுவது நம் குடும்பத்தில் இல்லை. என் மாமனார் கடைசிவரை என்னிடம் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டதில்லை. நான் பக்கத்தில் நின்றாலும் உன் உம்மாவைக் கூப்பிட்டுத்தான் கேட்பார். நீ இங்கே இருந்தவரை நான் உன்னிடம் சொன்னேன், நீ அவரிடம் சொன்னாய். அவருடைய பதிலில் நீ கொஞ்சம் சர்க்கரை போட்டுத்தான் என்னிடம் கொண்டு வந்திருக்கிறாய் என்பது இப்போது தெரிகிறது. இப்போது அந்த வேலையைக் கடை அடுப்படியில் நிற்கும் ஐயாசாமி பார்க்கிறான். அவன் சர்க்கரை போடுவதில்லை.

விஷயம் இதுதான். உன் மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து ஒரு மோட்டார் இயந்திரம் கொண்டு வந்திருக்கிறார். படகின் பின்னால் தொங்கவிட்டு ஓட்டுவது. துடுப்புப் போட ஆள் வேண்டாம், எதிர்நீரிலும் தனியாகவே போய் வரலாம் என்கிறார். சரி, இருக்கட்டும். அந்த இயந்திரத்தில் இரண்டு திருகுப்பிடி இருக்கிறது. பின்பக்கம் தட்டையாகப் பலகை வைத்த படகென்றால் அதைக் கவ்விக்கொள்ளும். நம் படகு முன்னும் பின்னும் கூர். கவ்வ இடமில்லை. அதற்கு அவர் கண்ட வழி, சீனக் கொல்லனிடம் ஓர் இரும்புத் தகடு அடித்து வாங்கி, படகின் பக்கப் பலகையைத் துளைத்து முடுக்கி, அந்தத் தகட்டில் இயந்திரத்தை மாட்டுவது.

முடியாது என்றேன். ஐயாசாமியிடம்தான் சொன்னேன். அந்தப் படகு தண்ணீர் பார்த்த பிறகு அதில் நான் ஒரு துளை போட்டதில்லை. இன்று தண்ணீருக்கு மேலே இருக்கும் துளை, நாளை அரிசி மூட்டை ஏறியதும் தண்ணீருக்குக் கீழே. இயந்திரம் அதிர அதிர ஆணி ஆடும். துளை அகலும். ஈரம் மரத்துக்குள்ளே போய் உட்காரும். வெளியே சாயம் பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் புட்டு மாதிரி உதிரும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அரிசி மூட்டையின் மேலிருந்த எழுத்தைப் பார்த்து எழுதப் படித்தவன் நான். படகையும் அப்படித்தான் படித்தேன், பிரித்துப் போட்டுப் பார்த்து.

அதற்கு, இந்த ஊர்ப் பேச்சின் லாவையும் சேர்த்து, வந்த பதிலைக் கேள். படகு என்ன முத்தா, துளை போட்டா விலை குறைய? அட, முத்துக்கே துளை போட்டாத்தான் லா கழுத்துல ஏறுது, மாமாகிட்ட சொல்லுங்க என்றாராம். ஐயாசாமி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். காப்பி குடிக்க வந்தவர்களும் சிரித்தார்கள்.

அன்றே துளை போடும் துரப்பணத்தை எடுத்து என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மறுத்துவிட்டு வழி சொல்லாமல் போனான் கிழவன் என்ற பேர் வரக்கூடாது அல்லவா, வழியும் செய்து கொடுத்தேன். படகின் குறுக்கே, விளிம்புக்கு மேலே ஒரு கனத்த கட்டை. அதற்கு நேர் கீழே, விளிம்புக்கு அடியில் இன்னொரு கட்டை. நடுவில் விளிம்பு சிக்கிக்கொள்ளும். இரண்டு கட்டைகளையும் ரோத்தான் பிரம்பால் வரிந்து கட்டி, கட்டுக்குள் ஆப்பு இறக்கினேன். மேல்கட்டையின் ஒரு முனை படகுக்கு வெளியே நீட்டி நிற்கும். அந்த முனையில் தட்டையாக ஒரு பலகை; அதை இயந்திரம் கவ்வும். பிரம்பை ஊறவைத்துக் கட்டினேன். காயக் காயச் சுருங்கி இரும்பாகப் பிடிக்கும். காய்ந்ததும் நானே அதன்மேல் ஏறி நின்று குதித்தேன். அசையவில்லை. படகில் ஒரு கீறல் இல்லை.

உன் மாப்பிள்ளை வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இயந்திரத்தை மாட்டி ஆற்றில் ஒரு சுற்று ஓட்டினார். நன்றாகத்தான் ஓடியது. கரையேறி வந்து ஐயாசாமியிடம், இது படகா, கல்யாணப் பந்தலா? வாழைமரம் ரெண்டு கட்டினா பொண்ணு மாப்பிள்ளையை உக்கார வைக்கலாம் என்றார். நான் உள்ளே கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தேன். என் காதில் விழட்டும் என்றே சொன்னார்.

அதனால் ஒன்றை நான் சொல்லவில்லை. பிரம்பு காய்ந்தால் இறுகும், ஊறினால் தளரும். ஒரு மழைக்கு ஒன்றும் ஆகாது. விடாமல் நனைந்தால், படகை நிறுத்தும் போதெல்லாம் ஆப்பைத் தட்டி இறக்க வேண்டும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பந்தல் என்று சொன்னவருக்கு நானாகப் போய் ஏன் சொல்ல வேண்டும்? ஆனாலும் உன் முகத்துக்காக, இன்று காலை என் மரச்சுத்தியலை, அந்தக் கொட்டாப்புளியை, இயந்திரத்தின் பக்கத்திலேயே வைத்தேன். கொட்டாப்புளியைப் பார்த்தால் ஆப்பு நினைவுக்கு வராதா? கண் இருப்பவருக்கு அது போதும்.

ஆற்றின் மேலே, காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அரிசி தீர்ந்துவிட்டது, வெள்ளம் ஏறினால் வழி அடைபடும் என்று ஆள் வந்து சொன்னதால், மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இன்று புறப்பட்டுவிட்டார். தனியாகத்தான். ஆள் வேண்டாம் என்பதுதானே அந்த இயந்திரத்தின் பெருமை. நான் கரைக்குப் போகவில்லை.

மேலே உள்ளதை நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் எழுதினேன். இப்போது மாலை அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால், ஐயாசாமி என் கொட்டாப்புளியைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறான். காலையிலேயே மாப்பிள்ளை கொடுத்துவிட்டுப் போனாராம். மாமா சாமான் படகுல மறந்து கெடக்கு, தேடுவாங்க, பத்திரமா அவங்க கையில குடுத்துடுங்க என்றாராம்.

வெளியே மழை பிடித்துவிட்டது.

28 நவம்பர்

மழை நிற்கவில்லை. கடல் கொந்தளிப்பில் மெர்சிங்கிலிருந்து தபால் படகு வரவில்லை. அதனால் இந்தக் காயிதமும் என்னிடமே கிடக்கிறது. கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். எழுதியதைக் கிழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

ஆறு செம்மண் நிறத்தில் ஓடுகிறது. வேரோடு மரங்கள் வருகின்றன. கரையில் நாம் படகு கட்டும் முளையின் தலை மட்டும் தெரிகிறது. உன் மாப்பிள்ளை நேற்றே திரும்பியிருக்க வேண்டும். வெள்ளம் பார்த்துத் தோட்டத்திலேயே தங்கியிருப்பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

மிச்சமிருந்த பிரம்பில் அதே மாதிரி ஒரு கட்டுக் கட்டி, காய்ந்த பின் ஆப்பு இறக்கி வைத்திருந்தது பரணில் இருந்தது. அதை எடுத்து மழையில் போட்டேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் போய்த் தொட்டுப் பார்த்தேன். முதல் நாள் கல்லாக இருந்தது. நேற்று மாலை விரலால் அசைத்தால் அசைந்தது. இன்று காலை ஆப்பு தானாகக் கழன்று சேற்றில் கிடந்தது.

ஐயாசாமி என்னை விடுவதாக இல்லை. மொதலாளி, ரெண்டு பேருக்கும் ஆண்டவன் வாய் குடுத்திருக்கான், நடுவுல நான் என்ன தபால்காரனா? நீங்க சாமானை வெச்சுப் பேசுறீங்க, அவரு சாமானைத் திருப்பிக் குடுத்துப் பேசுறாரு, அந்தக் கட்டைக்குத் தமிழ் தெரியுமா லா? என்கிறான். வாயை மூடிக்கொண்டு மாவைப் பிசை என்றேன். மாவைப் பிசைந்தான். வாயை மூடவில்லை.

இப்போது ஒரு மரத் தெப்பம் இறங்கி வந்தது. அதில் இருந்த சீனனிடம் கேட்டேன். காஹாங் ஆறு வந்து கூடும் இடத்துக்குக் கீழே, நேற்று மோட்டார் சத்தம் கேட்டதாம். திடீரென்று அது அலறி, பிறகு நின்றுவிட்டதாம். படகைப் பார்த்தாயா என்றேன். மழையில் தன் கையே தெரியவில்லை, படகு எங்கே தெரியும் என்றான்.

அக்கரை மலாய்க் குடியிருப்பான கம்பத்தின் படகோட்டி பாக் லாதிஃபைக் கூப்பிட்டிருக்கிறேன். அலமாக் என்று மலாயில் பதறி, இந்தத் தண்ணியிலா என்று தலையில் கை வைத்தார். பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கரையில் நிற்கிறார்.

துளை போட விட்டிருந்தால் என்று நீ நினைப்பாய். நான் அப்படி நினைக்கவில்லை. துளை தப்புத்தான். துவா செய் மகளே.

4 டிசம்பர்

நிஷா, இந்தத் தாளை மேலே வைத்து மடித்திருக்கிறேன். ஆகவே நீ முதலில் படிப்பது இதைத்தான். உன் மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார். இந்த அறையில்தான் இருக்கிறார். இரண்டு உள்ளங்கையும் வெந்திருக்கிறது. ஆறிவிடும் என்று மருந்து கட்டும் டிரெஸ்ஸர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் கையெழுத்து வராததற்குக் காரணம் அதுதான், வேறில்லை. இனி மெதுவாக மற்றதைப் படி.

பாக் லாதிஃபும் நானும் அவர் படகில், கரையோர மரங்களைப் பிடித்துப் பிடித்துத்தான் மேலே போனோம். காஹாங் ஆறு கூடும் இடத்துக்குக் கீழே நம் படகைக் கண்டோம். ஒரு மரத்தில் கட்டியிருந்தது. உள்ளே மழைத் தண்ணீரும் அரிசி மூட்டைகளும், கவிழ்ந்து கிடந்த இயந்திரமும். நான் கட்டிய கட்டை ஒற்றைப் பிரம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. மாப்பிள்ளை என்று கூப்பிட்டேன். உன் கல்யாணத்துக்குப் பிறகு அவரை அப்படி நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பதில் இல்லை. பாக் லாதிஃப் துடுப்பால் தண்ணீருக்குள் தேடத் தொடங்கினார். அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். தொண்டை கட்டிப்போன பிறகுதான் மேட்டில் ஒரு வீட்டிலிருந்து புகை வருவது தெரிந்தது.

அந்த வீட்டுக்காரர்கள் அவர் கையில் ஏதோ தழை வைத்துக் கட்டி, காய்ச்சலுக்குப் போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். வெள்ளத்தை எதிர்த்து இரண்டு நாளாக மெல்ல மேலேறும்போதே கட்டுத் தளர்ந்து, இயந்திரம் ஓடிக்கொண்டே சரிந்திருக்கிறது. விட்டிருந்தால் ஆற்றோடு போயிருக்கும், அவ்வளவுதான். இவர் விடவில்லை. கொதிக்கிற இயந்திரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார். பிறகு கயிற்றைப் பல்லால் கடித்துப் படகைக் கட்டியிருக்கிறார். என்னைப் பிடிவாதக்காரன் என்கிறாயே, இதற்கு என்ன பேர்?

பாக் லாதிஃப் அந்தக் கம்பத்து ஆட்களைப் பிடித்து, தன் படகிலேயே அரிசியை மேலே அனுப்பிவிட்டார். நாங்கள் மூன்று பேரும் நம் படகில் திரும்பினோம். பாக் லாதிஃபுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நின்று சொல்ல யாருமில்லை.

பாதி வழி வந்ததும் உன் மாப்பிள்ளை ஆற்றைப் பார்த்து, துளை போட்டிருந்தா இது சரிஞ்சிருக்காது என்றார். நானும் ஆற்றைப் பார்த்து, துளை போட்டிருந்தா பலகையோட பிச்சுக்கிட்டுப் போயிருக்கும், படகும் மிஞ்சாது, நீங்களும் மிஞ்ச மாட்டீங்க என்றேன். என்ன சண்டை என்று பாக் லாதிஃப் மலாயில் கேட்டார். சண்டை இல்லை என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

பிறகு நான், கையைக் காட்டுங்க மாப்பிள்ளை என்றேன். காட்டினார். அது எப்படியிருந்தது என்று உனக்கு நான் எழுதப் போவதில்லை. ஆப்பைத் தட்டணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா என்றார். கேட்டிருக்கலாமே என்றேன். மாமாகிட்ட நேர்ல எப்படிக் கேக்கறது, மரியாதையா இருக்குமான்னு நெனச்சேன் என்றார். நான் படகுக்குள் தேங்கிய மழைத் தண்ணீரை இறைக்கத் தொடங்கினேன்.

பிரம்பு இனிமேல் வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது. மேல்கட்டை, கீழ்க்கட்டை இரண்டையும் துளைத்து, படகின் விளிம்பை ஒட்டி உள்பக்கமாக நீண்ட இரும்பு ஆணி இறக்கி, மரை போட்டு முடுக்குவது. துளை கட்டையில், படகில் இல்லை. யோசனை அவருடையது. கட்டைக்கும் விளிம்புக்கும் நடுவில் தோல் வைக்கச் சொன்னது நான். துரப்பணத்தை வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டேன். படகின் பலகையில் யாராவது அதை வைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட்டேன், நேரிலேயே.

நோன்பு நெருங்குகிறது. கை ஆறும்வரை அவரால் சோறு பிசைய முடியாது. ஐயாசாமி ஊட்டுகிறேன் என்று வந்தான். போய் அடுப்பைப் பார் என்றேன். நான்தான் ஊட்டுகிறேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கிறார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு கொடுக்கிறேன். குழம்பு காரமா, சோறு சூடா என்று சொல்வதில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வருகிறது. காரத்தாலா, வேறு எதனாலாவதா, எனக்கு எப்படித் தெரியும்?

நீ அவருக்குத் தனியாக ஒரு வரி எழுது. காரமென்றால் காரமென்று மாமாவிடம் சொல்லலாம், அவர் ஒன்றும் நினைக்க மாட்டார் என்று எழுது. அந்தக் காயிதத்தை நான்தான் பிரித்து அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். பரவாயில்லை. நீ சொன்னதாகவே இருக்கட்டும்.

உன்னையும் பிள்ளையையும் ஆண்டவன் நல்லபடியாக இரண்டு உயிராக்கித் தரட்டும். உடம்பு தேறியதும் சீக்கிரம் வந்து சேர்.

உன் வரவை எதிர்பார்க்கும் வாப்பா,
சேகு மீரான்