அக்காவிடம் நான் சொன்ன பன்னிரண்டு வருடம்

செவ்வாய், ஈப்போ.

தோட்டம் கைமாறி இருபது வருடமாகியும் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லயத்து வீட்டிலேயே இருக்கிறார் பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா. தோட்டத்தை வாங்கிய மேம்பாட்டு நிறுவனம் மாற்று வீடு தருவதாகச் சொன்னபோது, "பன்னெண்டு வருஷம் இருந்தா நெலம் நமக்குத்தான்க்கா, கையெழுத்துப் போடாதீங்க" என்று தடுத்தவன் நான். யூடியூப்பில் தமிழ்நாட்டு வக்கீல் ஒருவர் அப்படித்தான் சொன்னார்.

இன்று அக்காவை ஒரு பெண் லாயரிடம் அழைத்துப் போனேன். மலேசியாவில் அப்படி ஒரு சட்டமே இல்லை, எத்தனை வருடம் இருந்தாலும் பட்டாவில் பெயர் உள்ளவருக்கே நிலம் என்றார் அந்தப் பெண். மாற்று வீட்டுக்கான கெடுவும் முடிந்துவிட்டதாம்.

காரில் ஏறியதும் அக்கா சொன்னார்: "அந்த லாயர் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல லா. நீ சொன்னதுதான் சரி தம்பி."

"ஆமாக்கா" என்றேன்.

நாளைக் காலை கொல்லையில் தென்னங்கன்று நடப் போகிறார். குழி வெட்ட என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.